சத்தம் வருகிறது, படம் வரவில்லை

செப்டம்பர் 21, ஞாயிறு

தாரணி போன் பண்ணினாள். கல்யாணமாகி ஈரோடு போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு எங்களோடு சாவகாசமாகப் பேச முடிகிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிட்டு, நானும் பூங்கொடியும் ஆளுக்கொரு பக்கம் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சுக்கு நடுவில், "அப்பா, டீ வெச்சிருக்கேன், ஆறிடப் போகுது" என்றாள்.

"எங்க கண்ணு வெச்சே? இங்க காணமே" என்றேன், தமாஷ் பண்ணுகிறாள் என்று.

"உங்களைச் சொல்லலப்பா. இங்க அப்பாவைச் சொன்னேன்."

இங்க அப்பா என்றால் அவளுடைய மாமனார் நாச்சிமுத்து. என் சம்மந்தி. கூட்டுறவுச் சங்கத்தில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். மாமா என்று கூப்பிடுவதுதானே முறை என்று பூங்கொடியிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளை அப்பான்னு கூப்பிடறதைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் ஒட்டிக்கிச்சு. விடுங்க."

விட்டேன். சாயங்காலம் வரைக்கும் விட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

இன்னொன்று. தலை தீபாவளிக்குக் காலையில் வந்துவிட்டு அன்று சாயங்காலமே கிளம்பிவிடுவார்களாம். ஏதோ புதுப்படம் அன்றைக்கு வருகிறதாம், ஈரோட்டு வீட்டு ஹோம் தியேட்டரில் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டுமாம். தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் முந்தின நாளே வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மறுநாள் கறிவிருந்து சாப்பிட்டுத்தான் போவார்கள். ஊர் உலகத்தில் அப்படித்தான். என் பெண் மட்டும் டவுன் பஸ் மாதிரி வந்த வழியே திரும்புகிறாள்.

செப்டம்பர் 25, வியாழன்

கடையில் ஸ்லீப்பர் பஸ் மெத்தை வேலை. என் தொழில் பஸ்ஸுக்கு சீட் தைப்பது. கரூரில் பாடி கட்டி வெளியே போகிற பஸ் எதிலாவது நீங்கள் சௌகரியமாகத் தூங்கியிருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. தூக்கம் வராமல் முதுகு வலித்திருந்தால் அது வேறு கடை.

பூங்கொடி சொல்கிறாள்: "தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் கெடக்குது. இப்பவே யாராச்சும் அழைக்கப் போவாங்களா?"

"சீக்கிரம் போனாத்தான் எத்தனை நாள் தங்கறதுன்னு பேசி முடிக்கலாம்."

"அழைக்கப் போறீங்களா, அந்தத் தியேட்டரைப் பாக்கப் போறீங்களா?"

இவளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. மேலே படித்திருந்தால் நான் வாயே திறந்திருக்க முடியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஈரோடு போய் வந்தோம். பழம், பூ, பலகாரம் எல்லாம் தட்டில் வைத்து முறைப்படி அழைத்தாயிற்று. வாழை இலையில் பருப்பு, ரசம், பாயசம் என்று புரட்டாசிச் சாப்பாடு. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பாயசத்தில் முந்திரி கொஞ்சம் அதிகம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சாப்பிட்டதும் மாடிக்குக் கூட்டிப்போனார்கள். கறுப்புத் திரைச்சீலை, சுவர் அகலத்துக்கு டிவி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர். சம்மந்தி, "சாமி, அந்த லைட்டை அணை" என்றார். தாரணி எழுந்து போய் அணைத்தாள். சாமி என்று நான்தான் அவளைக் கூப்பிடுவேன். பிறந்த அன்றைக்கே ஆரம்பித்தது. பேடன்ட் வாங்கி வைக்காதது என் தப்பு.

படத்தில் மழை பெய்தது. என் தலைக்கு மேலேயே பெய்கிற மாதிரி சத்தம். நிமிர்ந்து பார்த்துவிட்டேன். தாரணி சிரித்துவிட்டு, "அப்பா செட்டிங்லாம் பக்காவா பண்ணியிருக்காங்க, இல்லப்பா?" என்று என்னையே கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்தில் முதல் அப்பா அவர், ரெண்டாவது அப்பா நான்.

நல்ல மெத்தை நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. தையல் எப்படி என்று பார்க்கலாமென்று உட்காரப் போனேன். "அப்பா, அதுல வேண்டாம், இங்க வாங்க" என்று தாரணி கையைப் பிடித்து இழுத்தாள். அதில் ஒரு சால்வை மடித்து வைத்திருந்தது. சம்மந்தியம்மாவின் இடமாம். உடம்பு முடியாமல் இருந்தபோது அந்தம்மாவுக்காகத்தான் இத்தனையும் வாங்கினாராம், அந்தம்மா பார்த்தது கொஞ்ச நாள்தானாம். படியிறங்கும்போது தாரணி மெதுவாகச் சொன்னாள். "அத்தை போனதுக்கப்புறம் வீட்ல சத்தமே இல்லாமப் போச்சுன்னு சொல்லுவாங்கப்பா."

பாவம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சத்தம் வேண்டுமென்றால் ஒரு ரேடியோ போதாதா?

கிளம்பும்போது விஷயத்துக்கு வந்தேன். "தலை தீபாவளி பாருங்க. ரெண்டு நாளாச்சும் அங்க இருக்கட்டும்."

"ரெண்டு நாள் என்னங் சம்மந்தி, வேணுங்கற மட்டும் இருக்கட்டுமுங்க. படம் எங்க ஓடிப்போகுது" என்றார் அவர். முகத்தில் ஒரே சிரிப்பு.

தாரணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "இல்லப்பா. சாயங்காலமே திரும்பிருவோம்" என்றாள்.

பார்த்தீர்களா. அவர் விட்டாலும் தியேட்டர் விடவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

வாங்கிவிட்டேன். பெரிய டிவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், படத்தை இறக்கிக் கொடுக்கிற பாக்ஸ் எல்லாம். என்ன விலை என்று பூங்கொடி கேட்டாள். விழாத் தள்ளுபடி என்று சொன்னேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

டிவிக் கடை ஆள் வந்து டிவியைச் சுவரில் மாட்டி ஸ்பீக்கர்களை மூலைக்கு மூலை வைத்தான். கேபிள் சொருகப் போனவனைத் தடுத்துவிட்டேன். நாளைக்கு ஆயுத பூஜை. எங்கள் தொழிலில் புது மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் கரண்ட் கொடுக்க மாட்டோம். "எதுல எதைச் சொருகணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ தம்பி" என்றேன். சொன்னான். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் பட்டம் வாங்கியவன்.

சம்மந்தி வீட்டில் கடையில் வாங்கிய சாய்வு நாற்காலி. என் ஹாலில் ஆம்னி பஸ் புஷ்பேக் சீட் ஒரு ஜோடி, நானே மெரூன் ரெக்ஸின் போட்டுத் தைத்தது. நெம்புகோலை இழுத்தால் கன்னியாகுமரி வரைக்கும் தூங்கலாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையில் தையல் மெஷின், கத்தரி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஹோம் தியேட்டருக்கும் வைத்தேன். டிவிக்கு ஓரத்தில் ஒன்று. ஆம்ப்ளிஃபயரின் முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்ததால் கறை பட்டுவிடுமோ என்று முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கமாகத் தாராளமாக வைத்தேன். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தோம். ஈரோட்டுப் பக்கமிருந்து யார் கண்ணும் படக்கூடாது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து கேபிளை எல்லாம் சொருகி ஆன் செய்தேன். சத்தம் வந்தது. என்ன சத்தம்! பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது. படம் வரவில்லை. கறுப்புத் திரையில் "நோ சிக்னல்" என்று ஒரு பெட்டி அங்கேயும் இங்கேயும் மிதந்துகொண்டிருந்தது.

பூங்கொடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ரேடியோவுல ஒலிச்சித்திரம் கேக்கற மாதிரி" என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

ரிமோட்டில் எச்.டி.எம்.ஐ. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. தட்டை வாய் கேபிள் ஒன்று புதிதாக வாங்கி மாற்றினேன். ஒரு தடவை படம் வந்தது. கண்ணைச் சிமிட்டுகிற நேரம். ஒரு நடிகையின் பாதி முகம். பிறகு கறுப்பு.

கேபிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். "இப்ப வருதா?" "இல்ல." "இப்ப?" "வந்துச்சு... போச்சு." "இப்ப?" "ஏனுங், நீங்க தீபாவளி அன்னிக்கு முழுக்க அப்படியே பிடிச்சுட்டு உக்காந்துக்கறீங்களா?"

தாரணி போன் செய்தபோது எதுவும் சொல்லவில்லை. நேரில் வந்து பார்த்து அசரட்டும்.

அக்டோபர் 8, புதன்

கடை ஆளுக்கு போன் போட்டால், "தீபாவளி டெலிவரிங்ணா, நிக்க நேரமில்லைங்ணா, வரேங்ணா" என்கிறான். எப்போது என்று கேட்டால் வைத்துவிடுகிறான்.

அக்டோபர் 10, வெள்ளி

வீட்டிலேயே துரோகி. பூங்கொடி தாரணியிடம் சொல்லிவிட்டாள். தாரணி மாமனாரிடம் சொல்லிவிட்டாள். மாமனார் எனக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். ஒன்றல்ல, வரிசையாக.

"சம்மந்தி, வணக்கமுங்க. சந்தோசமுங்க, நீங்களும் வாங்கிட்டீங்கன்னு சாமி சொல்லுச்சு. எங்கூட்லயும் மொதல்ல இப்படித்தான் ஆச்சுங்க. மொதல்ல டிவி, அப்புறம் ஆம்ப்ளிஃபயர், கடைசியாத்தான் பாக்ஸுங்க. இந்த வரிசையில ஆன் பண்ணிப் பாருங்க. வரலைன்னா கூப்பிடுங்க. எந்நேரமானாலும் நான் சும்மாத்தானுங்க இருக்கேன்."

"நீங்களும்" என்ற வார்த்தையைக் கவனித்தேன்.

பதில் அனுப்பவில்லை. அப்புறம் அது மரியாதை இல்லையென்று ஒரு கைகூப்பு படம் மட்டும் அனுப்பினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூங்கொடி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவர் சொன்ன வரிசையில் ஆன் பண்ணிப் பார்த்தேன். டிவி, ஆம்ப்ளிஃபயர், பாக்ஸ். வரவில்லை!

அத்தனை சந்தோஷம். மேனேஜர் சொன்னதும் பலிக்கவில்லை! கையைத் தட்டிக்கூட விட்டேன். அப்புறம்தான் டிவி என்னுடையது என்று ஞாபகம் வந்தது.

அக்டோபர் 13, திங்கள்

ஃபேக்டரி ரீசெட் செய்தேன். இப்போது மெனு முழுக்க ஏதோ சீன எழுத்து.

அக்டோபர் 15, புதன்

மெனுவைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்று பஸ் வயரிங் பார்க்கிற மாதிரி யோசித்தேன். ஹெட்லைட் எரியவில்லையென்றால் பல்பு, வயர், ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவார்கள். ஆம்ப்ளிஃபயரை நடுவிலிருந்து எடுத்துவிட்டு பாக்ஸிலிருந்து நேராக டிவிக்குக் கேபிளைக் கொடுத்தேன். படம் பளிச்சென்று வந்தது. ஆகவே டிவி நல்லது, பாக்ஸ் நல்லது, கேபிள் நல்லது. கோளாறு ஆம்ப்ளிஃபயரில்தான்.

"அப்படியே விட்டுருங்களேன். படம் வருதல்ல" என்றாள் பூங்கொடி.

"டிவிக்குள்ள இருந்து வர்ற சத்தம் சத்தமா? கொசு பாடற மாதிரி."

"அவங்க தங்கறதுக்கு கொசு சத்தம் போதாதா?"

போதாது. மழை பெய்தால் தாரணி இங்கேயும் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மத்தியானம் ஆம்ப்ளிஃபயரை மறுபடி நடுவில் மாட்டி ரொம்ப நேரம் ஓடவிட்டிருந்தேன். பூங்கொடி வந்து மூக்கை உறிஞ்சினாள். "ஏனுங், சந்தன வாசம் வருது."

"ஊதுபத்தியா இருக்கும்."

"நான் இன்னும் விளக்கே வெக்கல. இதுல இருந்துதான் வருது." பெட்டிமேல் மூக்கை வைத்துச் சொன்னாள்.

சூடேறினால் தீய்ந்த வாசம் வரும், கேள்விப்பட்டிருக்கிறேன். சந்தன வாசம் வருகிற ஆம்ப்ளிஃபயர் உலகத்திலேயே என்னுடையது ஒன்றுதான். கரண்டைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்தேன். டிவிக்குப் படம் போகிற ஓட்டையின் உள்ளே, அடி வரைக்கும், காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். அன்றைக்கு முன்பக்கம் கறை படக்கூடாதென்று பின்னால் வைத்தேனே, பொட்டு வைக்க வாட்டமாக இருந்த இடம் எல்லாமே ஓட்டைதான். அப்புறம் ஈரம் காயாமல் அதன்மேல் கேபிளையும் அழுத்திச் சொருகியிருக்கிறேன்.

பூங்கொடி தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து. "வாய்க்குள்ள பொட்டு வெச்சா யாருங்க பேசுவாங்க!"

பழைய டூத் பிரஷ், மருந்துக்கடை ஸ்பிரிட். மெதுவாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, கேபிள் முனையையும் துடைத்துச் சொருகினேன். டிவி, ஆம்ப்ளிஃபயர், பாக்ஸ். (அந்த வரிசையில் ஆன் பண்ணினால்தான் சீக்கிரம் வருகிறது. இதை யாரிடமும் சொல்வதாக இல்லை.)

படம் வந்தது. மழை பெய்தது. ஈரோட்டில் பார்த்த அதே படத்து மழை. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

சம்மந்தி குரல் செய்தி: "என்னாச்சுங்க சம்மந்தி, சரியாச்சுங்ளா?" எழுத்தில் பதில் அனுப்பினேன்: "ஆயிற்று. சின்ன டெக்னிக்கல் பிரச்சினை."

அக்டோபர் 19, ஞாயிறு

முந்தின நாளே வந்துவிட்டார்கள்! பூங்கொடி போனில் என்ன பேசினாளோ, தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை கௌசிக் ஹாலைப் பார்த்ததும், "மாமா! இது செமி ஸ்லீப்பரா, வால்வோவா?" என்று நெம்புகோலை இழுத்து மல்லாந்துவிட்டார். நல்ல பையன். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தாரணி பக்கத்து சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தாள். நான் கீழே, அவள் காலடியில். அதே மழைக்காட்சி வந்ததும் ஓரக்கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்தாள். "அப்பா! சூப்பர்ப்பா!" இன்றைக்கு நான் சாப்பிட்டதே தேவையில்லை.

நடுநடுவே போனை எடுத்துப் பார்த்தாள். கௌசிக்கிடம், "சாப்பிட்டாங்களான்னு கேட்டியா?" என்றாள். நான் ஒரு புள்ளி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

நாளைக்குச் சாயங்காலம் கிளம்புவதில் மாற்றமில்லையாம்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று எழுத நேரமில்லை. தீபாவளி.

காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, மாப்பிள்ளைக்கு மோதிரம் எல்லாம் குறையில்லாமல் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தப் புதுப்படத்தை இங்கேயே போடலாம் என்று தாரணியைச் சம்மதிக்க வைத்தேன். பாதிப் படம் வரைக்கும் பார்த்துவிட்டு மீதியை ஈரோட்டில் பார்ப்பாளாம். பையை மடித்துக் கதவோரம் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சம்மந்தி. வெளியே சரவெடிச் சத்தம், அதனால் பின்கட்டுக்குப் போய்ப் பேசினேன். தீபாவளி வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டு, "ஒண்ணுமில்லைங்க. எங்கூட்ல படம் வரமாட்டேங்குது" என்றார்.

என் நெஞ்சுக்குள் ஒரு சங்குசக்கரம் சுற்றியது. மேனேஜர் வீட்டில் படம் வரவில்லை! என்னைக் கேட்கிறார்! நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

"டிவி ஆன் பண்ணீங்ளா?"

"பண்ணீட்டனுங்க."

"அப்புறம் ஆம்ப்ளிஃபயர்?"

"ஆங், அதுவும்."

"பாக்ஸ்ல லைட் எரியுதுங்ளா?"

"எரியுதுங்க."

"என்ன கலர்ல எரியுது? செவப்பா, பச்சையா?"

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன்.

"நான் கீழ இருக்கறனுங்க சம்மந்தி" என்றார். "இன்னும் மேல போகலை. போலாம்னுதான் பாத்தேன். என்னமோ, படி ஏறல."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பசங்ககிட்டச் சொல்லீராதீங்க. சொன்னா இப்பவே கெளம்பி வந்துருவாங்க. தலை தீபாவளி, நீங்க கேட்ட மாதிரி ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்னு நான் காலையிலயே சாமிகிட்டச் சொல்லீட்டேன். அதுதான் கேக்க மாட்டேங்குது. சும்மா, யார்கிட்டயாவது பேசலாம்னு உங்களுக்குப் போட்டேன். அங்க ஒரே கலகலப்பாக் கேக்குது... குடுத்து வெச்சவருங்க நீங்க."

இத்தனை நாள் அந்த வார்த்தையை நான் அல்லவா அவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், மனசுக்குள்ளே, பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க" என்றேன். என் குரல்தான், ஆனால் நான் யோசித்துப் பேசியதாக ஞாபகமில்லை. "இங்கேயும் படம் போச்சுங்க. கடை ஆளும் வரமாட்டேங்கறான். நீங்க வந்து பாத்தாத்தான் ஆகும்."

"சாமி இப்பத்தான் படம் ஓடுதுன்னு மெசேஜ் போட்டுச்சே?"

"இப்பத்தானுங்க போச்சு. ஒரு காரைப் பிடிச்சு வந்துருங்க. மாத்துத்துணி எடுத்துக்கங்க, நாளைக்குக் கறிவிருந்து."

போனை வைத்துவிட்டு ஹாலுக்குப் போனேன். நல்ல சண்டைக்காட்சி. தாரணி சீட்டின் நுனியில் இருந்தாள். சாமி படத்துக்குப் பூ சரி செய்கிற மாதிரி ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் கேபிளைப் பாதி உருவிவிட்டேன்.

"ஐயோ, அப்பா! படம் போச்சு!"

"போச்சா? அட. உங்க மாமனாரை வரச் சொல்லியிருக்கேன். அவர்தான் இதுக்குச் சரி."

தாரணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்க் கதவோரம் இருந்த பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அவர் புதுவேட்டியோடு வந்து இறங்கியபோது வெளிச்சம் இருந்தது. காபியைக் கூடக் குடிக்கவில்லை, நேராகப் பின்பக்கம் குனிந்தார். "கேபிள் லூசுங்க, அவ்ளோதான்." படம் வந்துவிட்டது.

"பாத்தீங்களாப்பா! நீங்க இத்தனை நாள் மல்லுக்கட்டுனீங்க. அப்பா வந்ததும் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாங்க!" என்று தாரணி கைதட்டினாள். மாப்பிள்ளையும் தட்டினார். பூங்கொடி என்னைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் தட்டினாள்.

வயிறு எரிந்தது. சந்தனத்தைக் கண்டுபிடித்து, டூத் பிரஷ் போட்டுத் தேய்த்தவன் நான். கேபிளை உருவியவனும் நான். அதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? "அனுபவம்னா அனுபவந்தானுங்க" என்றேன்.

என் சீட்டில் அவர் சாய்ந்துகொண்டார். பக்கத்தில் என் பெண். இந்தப் படத்திலும் ஒரு மழைக்காட்சி வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எங்கூட்டை விட இங்க நல்லாக் கேக்குதுங்க சம்மந்தி" என்றார். பொய்யாகத்தான் இருக்கும். இருந்தாலும் மறுபடி ஒரு தடவை சொல்வாரா என்று காத்திருந்தேன்.

எல்லோரும் ஹாலிலேயே வரிசையாகப் படுத்தோம். பூங்கொடி பீரோவிலிருந்து எனக்கும் சம்மந்திக்கும் இரண்டு தலையணை எடுத்து வந்தாள். ஒன்று மெத்தென்று இருந்தது, இன்னொன்று பஞ்சு கட்டிபட்டது. விருந்தாளிக்கு எதைக் கொடுக்க வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

மெத்தென்று இருந்ததை நான் வைத்துக்கொண்டேன்.